ராணுவ அதிகாரி வேலை: பெண்களுக்கு எந்த வழியில் போனால் நிரந்தரம்?

இந்திய ராணுவத்தில் அதிகாரியாக விரும்பும் பெண்களுக்கு இன்று முக்கியமாக இரண்டு வழிகள். எந்த வழியில் போனாலும் முதல் பதவி லெப்டினன்ட்தான். எத்தனை ஆண்டு வேலையில் இருக்கலாம் என்பதில்தான் வித்தியாசம். விண்ணப்பிக்கும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை.

முதல் வழி, ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அதிகாரி நியமனம். பட்டதாரிகள் யூபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு எழுதிச் சேரலாம். என்சிசி, இன்ஜினியரிங், சட்டம் படித்தவர்களுக்குத் தனி அறிவிப்புகள் வரும். பயிற்சி பெரும்பாலும் சென்னை பரங்கிமலையில். பணி 10 ஆண்டு, விரும்பினால் மேலும் 4 ஆண்டு. ஆனால் அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டு சேவை வேண்டும். 14 ஆண்டில் வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, மாத ஓய்வூதியம் கிடையாது. பலருக்கு அப்போது வயதோ நாற்பதைத் தொட்டிருக்காது!

மருத்துவப் பிரிவுகள் தவிர மற்றவற்றில் 1992-ல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியும், 2008-ல்தான் நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை பணி, வந்தது. அதுவும் சட்டம், கல்வி ஆகிய பிரிவுகளுக்கு மட்டும். மற்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். கிராமத்துப் பின்னணி கொண்ட வீரர்கள் பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கத் தயாராக இல்லை என்றுகூட அரசுத் தரப்பில் வாதம் வைத்தார்கள். 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. சிக்னல்ஸ், இன்ஜினியர்ஸ் உட்பட மேலும் 8 பிரிவுகளில் நிரந்தர கமிஷனும், படைப்பிரிவுகளுக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பும் அப்படி வந்தவை. நிரந்தர கமிஷன் தானாகக் கிடைத்துவிடாது, தேர்வு வாரியம் பரிசீலித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது வழி, என்டிஏ எனும் தேசிய பாதுகாப்பு அகாடமி. இதில் நுழைந்தால் தொடக்கத்திலேயே நிரந்தர கமிஷன். 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே பெண்கள் இந்தத் தேர்வை எழுத முடிந்தது. பெண்களின் முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். பிளஸ் டூ படிப்பவர்களும் எழுதலாம். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை. திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், அதில் தேறியவர்களுக்கு ராணுவத் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்எஸ்பி நேர்காணலுக்கும் 900. கோச்சிங் சென்டர்கள் முதல் பாதியைத்தான் பெரிதாகப் பேசும். எஸ்எஸ்பியில் கோட்டை விடுபவர்கள் ஏராளம். அப்புறம், பெண்களுக்கான இடங்கள் மிகக் குறைவு. அதனால் ஷார்ட் சர்வீஸ் வழியையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அக்னிவீர் வேறு விஷயம். அது அதிகாரி பதவி அல்ல, சிப்பாய் நிலை. 4 ஆண்டுப் பணி. தரைப்படையில் பெண்களுக்கு ராணுவ போலீஸ் பிரிவு மட்டும்தான்.

சரி, போர்முனைக்குப் போகலாமா? பீரங்கிப் படையில் 2023 முதல் பெண் அதிகாரிகள் இருக்கிறார்கள். காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் திறக்கவில்லை. விமானப்படையிலோ 2016 முதலே பெண்கள் போர் விமானம் ஓட்டுகிறார்கள். அந்த ஆசை இருந்தால் என்டிஏ விண்ணப்பத்தில் விமானப்படையை முதல் விருப்பமாகக் குறிப்பிடுங்கள். அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவு படித்திருந்தாலும் போதும்.