பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர்: விதி என்ன, பலன் தருகிறதா என்று பார்ப்பது எப்படி?

பள்ளிக்கூட கேட்டிலிருந்து எந்தத் திசையில் அளந்தாலும் 50 மீட்டருக்குள், கெட்ட கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, விளம்பரம் செய்யவும் கூடாது. வளாகத்துக்கு உள்ளேயும் இதே தடைதான். குழந்தைகளின் உடல் பருமனைத் தடுக்க, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 செப்டம்பரில் அறிவித்த விதி இது. 2021 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. என்ற வித்தியாசம் கிடையாது. இந்தத் தடையைச் சொல்லும் பலகை கேட்டில் இருக்க வேண்டும். கேன்டீன் நடத்துபவரிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ இருக்க வேண்டும்.

சென்னையில் சிக்கல் தெருவில்தான். திருவல்லிக்கேணி, புரசைவாக்கம், வண்ணாரப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் 50 மீட்டர் என்றால் பெட்டிக்கடை, பேக்கரி, தள்ளுவண்டி எல்லாம் அதற்குள் வந்துவிடும். தள்ளுவண்டிக்காரரை விரட்டினால் போதும் என்று நினைப்பது தவறு. தடை பண்டத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. சிப்ஸும் குளிர்பானமும் விற்பவர் சுண்டலும் கொய்யாவும் மோரும் விற்றாலும் பிழைப்பு நடக்க வேண்டும். அதற்குப் பெற்றோர் அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும், பிள்ளைகளுக்கு அதையே வாங்கியும் கொடுக்க வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் இதைப் பேச இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்காவது பெற்றோர்தான். தனியார் பள்ளியென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசலாம்.

சரி, எல்லோரும் சேர்ந்து செய்தது பலித்ததா என்று எப்படித் தெரியும்? எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை போஸ்டர் ஒட்டினோம் என்ற கணக்கு எனக்குப் போதாது. பள்ளி விடும் நேரத்தில் கேட்டில் என்ன விற்கிறது என்று ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிவைத்து, கடைசிப் பருவத்தில் மறுபடி பாருங்கள். பி.டி. பீரியட் உண்மையிலேயே நடக்கிறதா, கணக்கு வாத்தியாருக்குப் போய்விடுகிறதா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உயரம், எடையும் பார்க்க வேண்டும். அரசு, உதவிபெறும் பள்ளிகளில் ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைக்கான அரசுத் திட்டம்) மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனைக்கு வரும். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை அளவு) 25-ஐத் தொட்டால் அதிக எடை என்ற பெரியவர்களுக்கான கணக்கு குழந்தைக்குச் செல்லாது. வயது, பாலினத்துக்கான அட்டவணைப்படிதான் பார்க்க வேண்டும். ஒரே ஆண்டில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். முக்கியமாக, வகுப்பு நடுவே எடையை உரக்கப் படிக்க விடாதீர்கள். குண்டு என்று கேலி கேட்ட பிள்ளை அப்புறம் விளையாட்டு மைதானத்துக்கே வராது.

பேசியும் விற்பனை நிற்கவில்லையென்றால், கடையின் இடத்தையும் பண்டத்தையும் குறிப்பிட்டு, படத்தோடு மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுக்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலும் பதியலாம்.