திரையில் 92 மார்க், தகட்டில் ஒட்டிய ராடு

சேலத்தில் வெல்டிங் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து 17 வருடம் ஆகிறது. நெருப்பில்லாமல் திரையைப் பார்த்து வெல்டிங் பழகுகிற சிமுலேட்டர் எங்கள் பட்டறைக்கு வந்து மூன்று வருடம். வாங்கலாமா என்று ஓமலூர், ஆத்தூர் பக்கத்து வாத்தியார்கள் கேட்கிறார்கள். வாங்குங்கள். ஆனால் அதை மாணவன் கையில் கொடுத்துவிட்டு நாம் நாற்காலியில் உட்கார்ந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

3.15 மி.மீ. ராடு, அதாவது வெல்டிங் குச்சி, ஒன்று ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே எரியும், அவ்வளவுதான். அதற்குள் புதுப் பையன் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும், ராடை 70, 80 டிகிரியில் சாய்த்துப் பிடிக்க வேண்டும், ஒரே வேகத்தில் நகர வேண்டும், ராடு எரிந்து குறையக் குறையக் கையையும் இறக்கிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் சொன்னதுதான் யாருக்கும் சீக்கிரம் வராது. முதல் வாரம் முழுக்க ராடு தகட்டில் ஒட்டும், பிடுங்குவான், பூச்சு உதிரும், மறுபடி ஒட்டும். அவனும் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், நானும் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால். மேலே படிந்த ஸ்லாக் என்கிற கசடைத் தட்டிவிட்டு, அடியில் விழுந்திருக்கும் வெல்டிங் கோட்டைப் பார்த்துத்தான் எங்கே தப்பு என்று ஊகிப்பேன். சிமுலேட்டரில் அந்த ஒரு நிமிடத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டலாம். "இதோ பார், பாதி தூரத்தில் கை மேலே போயிடுச்சு" என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

ஏற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வருகிற ஒரு மாணவி தீப்பொறிக்குப் பயந்து கையை இழுத்துக்கொண்டே இருந்தாள். பத்து நாள் சிமுலேட்டரில் பழகிய பிறகு நிஜ ராடைப் பிடித்தாள், கை நடுங்கவில்லை. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

இன்னொரு பையன் திரையில் 92 மார்க் வாங்கினான். அன்றைக்கே நிஜமாக வெல்டிங் செய்கிற பூத்தில் முதல் ராடு ஒட்டிக்கொண்டது, அது பரவாயில்லை. ஒட்டியதும் பதற்றத்தில் கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு ராடை அசைத்தான், ஆர்க், அதாவது ராடு நுனியில் எரிகிற மின்சுடர், பிடித்துக்கொண்டது. சிமுலேட்டரில் ஹெல்மெட்டைத் தூக்கினால் ஒன்றும் ஆகாதே, அந்தப் பழக்கம். சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தான். ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி வலி, கண்ணீர் நிற்கவில்லை. ஆர்க் வெளிச்சத்திலுள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைப் பொசுக்குவதால் வருவது இது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கை வைத்தியம் என்று கண்ணில் உருளைக்கிழங்கை வைக்காதீர்கள், தாய்ப்பால் விடாதீர்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள், கண் டாக்டரிடம் போங்கள். அவனுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அந்தத் தப்பு என்னுடையது, பக்கத்தில் நான் நின்றிருக்க வேண்டும்.

அதிலிருந்து சிமுலேட்டரிலும் லெதர் கையுறை, ஏப்ரன் இல்லாமல் யாரும் ராடை மாட்டிப் பிடிக்கிற ஹோல்டரைத் தொடக் கூடாது. ராடு ஒட்டினால் ஹெல்மெட் இறங்கியபடியே திருகிப் பிடுங்க வேண்டும், வரவில்லையென்றால் மெஷினை அணைக்க வேண்டும், அதையும் சிமுலேட்டர் முன்னால் நின்றே பழக்குகிறேன். இருபது நிமிடம் திரை, அப்புறம் அதே நாளில் பூத். மார்க்கை நான் மறைத்து வைத்துக்கொள்வேன். எங்கே தப்பு என்று அவர்களே முதலில் சொல்ல வேண்டும்.

சேலம் பிள்ளைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை கட்டாயம் வரும், இங்கே ஸ்டீல் பிளான்ட்டே ஸ்டெயின்லெஸ் உருட்டுகிறது. பாத்திர ஸ்டெயின்லெஸ் சூட்டில் சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, அதனால் மெல்லிய தகடு அப்பளம் போல வளைந்துவிடும். எங்கள் திரையில் தகடு அசையாமல் கிடக்கிறது. இதற்கு நிஜத் தகடுதான் வேண்டும், நிறைய வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் ஹோல்டரைக் கையில் வாங்கிப் பாருங்கள். நிஜ ஹோல்டர் கனம் இருக்கிறதா, கேபிள் பின்னால் இழுக்கிறதா, எரிய எரிய ராடு குறைகிறதா? குறையாத மெஷினில் பழகிய கை பூத்துக்கு வந்ததும் ஆர்க்கை விட்டுவிடும்.