இடப்பக்கமே ஏன் புடைக்கிறது? வெரிகோசீலின் கதை

நாள் முழுக்க நின்று வேலை பார்த்தால் விரைப்பையில் மந்தமான ஒரு வலி, கீழே இழுப்பது போல ஒரு கனம். படுத்தால் குறைந்துவிடும். தொட்டுப் பார்த்தால் இடது விரைக்கு மேலே மண்புழுக்களைச் சுருட்டி வைத்தது போல மெத்தென்று ஏதோ தட்டுப்படும். இதுதான் வெரிகோசீல், அதாவது விரைப்பைக்குள் இருக்கும் சிரைகள் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) விரிந்து புடைத்துப்போவது. ஆண்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு இது உண்டு. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். தொந்தரவு எதுவும் தராததால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் கூச்சத்தால் வெளியில் சொல்வதில்லை.

புடைப்பு தெரிவது விரைப்பையில் என்றாலும் கோளாறு தொடங்குவது வயிற்றுக்குள், சிறுநீரகத்தின் அருகே. விரையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரை, வலப்பக்கத்தில் உடலின் பெரிய கீழ்ப்பெருஞ்சிரையில் சாய்வாகப் போய்ச் சேர்கிறது. இடப்பக்கத்தில் அப்படி இல்லை. அது இன்னும் சில சென்டிமீட்டர் மேலேறி, இடது சிறுநீரகச் சிரையில் செங்கோணமாக முட்டுகிறது. அந்தச் சிறுநீரகச் சிரையோ இரண்டு தமனிகளுக்கு நடுவே நுழைந்து போவது. சிலருக்கு அங்கே நசுங்கி, உள்ளே அழுத்தம் ஏறிவிடும். நிற்கும்போது இவ்வளவு நீளமான இரத்தத் தூணைத் தாங்கிப் பிடிப்பவை சிரைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு வால்வுகள். அவை இல்லாமல் போனாலோ சரியாக மூடாவிட்டாலோ இரத்தம் கீழே திரும்பி வழியும், சிரைகள் விரிந்து சுருளும். காலில் வெரிகோஸ் வருவதும் இதே கணக்குதான்.

வலப்பக்கம் மட்டும் தனியாக வந்தாலோ, நடுவயதுக்குப் பிறகு திடீரென்று முளைத்தாலோ, படுத்தும் வடியாமல் இருந்தாலோ மருத்துவர் வயிற்றையும் ஸ்கேன் எடுக்கச் சொல்வதும் இதனால்தான். சிறுநீரகத்தில் வளரும் கட்டி ஒன்று சிரையை அடைத்திருக்கலாம்.

சரி, இரத்தம் தேங்கினால் என்ன கெடுதல்? முக்கியமாகச் சூடு. விந்தணு நன்றாக உருவாக, விரை உடலின் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி வரை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் கீழே இறங்கும் தமனியைச் சிரைகள் வலையாகச் சூழ்ந்திருக்கின்றன. மேலே போகும் குளிர்ந்த இரத்தம், கீழே வரும் சூடான இரத்தத்தின் வெப்பத்தை வழியிலேயே வாங்கிக்கொள்ளும். வலையில் இரத்தம் தேங்கினால் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. இரண்டு விரைகளும் பக்கத்திலேயே இருப்பதால் இடப்பக்கச் சூடு வலப்பக்கத்தையும் பாதிக்கக்கூடும். புடைத்த பக்கத்து விரை மற்றதைவிடச் சிறுத்துப்போவதை, கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்திருக்கிறார்.

குழந்தையில்லை என்று பரிசோதனைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வெரிகோசீல் இருக்கிறது. ஆனால் வெரிகோசீல் உள்ள பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை பிறக்கவும் செய்கிறது. இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் நிறைய.

பரிசோதனை எளிது. நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லித் தொட்டுப் பார்ப்பார்கள். முக்கினால் மட்டும் தட்டுப்படுவது முதல் நிலை, முக்காமலே தட்டுப்பட்டால் இரண்டாவது, கண்ணுக்கே தெரிந்தால் மூன்றாவது. கைக்கு எட்டாமல், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரிகிற வெரிகோசீலுக்கு அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. ஸ்கேன் தாளைப் பார்த்தே தேதி குறித்தால், வேறொரு சிறுநீரகவியல் நிபுணரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

வலி இல்லை, விந்துப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்றால் சும்மா விட்டுவிடலாம். லேசான வலிக்குத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையும் வலி மாத்திரையும் போதும். விரிந்த சிரையை எண்ணெயோ லேகியமோ சுருக்காது. வலி விடாதபோதும், விந்தணு குறைந்து குழந்தை தள்ளிப்போகும்போதும், வளரும் பையனுக்கு அந்தப் பக்க விரை சிறுத்துக்கொண்டே வரும்போதும்தான் சிகிச்சை.

இப்போது அதிகம் செய்யப்படுவது நுண்ணோக்கி அறுவை. தொடை இடுக்கில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல். விரைக்குப் போகும் இழைக்கற்றையை வெளியே எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு குழாயாகப் பிரிக்கிறார்கள். துடிக்கிற நூல் போன்ற தமனியை விட்டுவிட வேண்டும். அது போனால் விரை சுருங்கிவிடலாம். நிறமற்ற நிணநீர்க் குழாய்களையும் விட வேண்டும். அவற்றையும் சேர்த்துக் கட்டினால் அப்புறம் நீர் கோத்து விரைவீக்கம் வரும். விரிந்த சிரைகளை மட்டும் கட்டி வெட்டுவார்கள். அப்படியானால் இரத்தம் எந்த வழியாகத் திரும்பும்? விந்துக்குழாயை ஒட்டிச் செல்லும் சிரைகள் வழியாக. அவற்றைத் தொடுவதில்லை.

கத்தியில்லாத வழியும் உண்டு. கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கோளாறான சிரையை உலோகச் சுருளால் உள்ளிருந்தே அடைத்துவிடுவார்கள். எந்த முறையானாலும் சிலருக்குத் திரும்ப வரலாம்.

புதிய விந்தணு உருவாகி வர இரண்டரை மாதம் ஆகும். அதனால் சிகிச்சை முடிந்து 3 மாதத்துக்குப் பிறகே விந்துப் பரிசோதனை எடுப்பார்கள். அடுத்த மாதமே எடுத்துப் பார்த்து மனம் உடைந்துபோக வேண்டாம். அதில் இருப்பவை பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே உருவாகத் தொடங்கியவை.