தன்னார்வச் சுற்றுலாவா, தொண்டுப் பயணமா? ஒரு சொல் விளக்கம்

சுற்றுலாவியல் படிக்கும் தங்கை ஒருவர் தம் ஆய்வேட்டின் சுருக்கத்தைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். ‘வாலண்டியர் டூரிசம்’ என்று வரும் இடங்களில் ‘தன்னார்வச் சுற்றுலா’ என்றும், ‘ஸ்பிரிச்சுவல் டூரிசம்’ என்று வரும் இடங்களில் ‘ஆன்மிகச் சுற்றுலா’ என்றும் எழுதியிருந்தார். அகராதிப்படி இரண்டிலும் பிழை சொல்ல முடியாது. ஆனால் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வேன் பிடித்துப் பழைய சிவன் கோயில்களுக்கு உழவாரப்பணி, அதாவது புல் செதுக்கிக் கோயிலைத் துப்புரவாக்கும் தொண்டு, செய்யப் போகிறவர்களை. பேட்டியின்போது ஒரு பெரியவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னாராம். “சுற்றுலாவா? நாங்க பணிக்கு வந்திருக்கோம்மா” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி புல் செதுக்கக் குனிந்துவிட்டாராம். அந்தப் பெரியவர் சொன்னதில் ஒரு சொல்லாய்வே இருக்கிறது. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘வாலண்டூரிசம்’ என்பது வாலண்டியர், டூரிசம் என்ற இரண்டையும் ஒட்டுப்போட்ட சொல். வாலண்டியருக்கு வேர், லத்தீனில் விருப்பத்தைக் குறிக்கும் ‘வொலுந்தாஸ்’. ஆங்கிலத்துக்கு அது வந்த புதிதில், ஏறக்குறைய 1600 வாக்கில், யாரும் கட்டாயப்படுத்தாமல் தானே முன்வந்து படையில் சேர்ந்தவரைக் குறித்தது. மருத்துவமனையிலும் பள்ளியிலும் கூலி வாங்காமல் உழைப்பவர் என்ற பொருள் பிறகு வந்தது. டூரிசத்தில் இருக்கும் ‘டூர்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் மூலம் ‘தொர்னுஸ்’ என்ற கடைசல் எந்திரம். ஒரு புள்ளியில் தொடங்கிச் சுழன்று அதே புள்ளிக்கு வந்து சேர்வது என்ற கருத்து அதற்குள் இருக்கிறது.

நம் ‘சுற்றுலா’விலும் அதே சுழற்சி உண்டு: சுற்று, உலா. இதில் உலா என்ற பாதி எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். நம் சிற்றிலக்கியங்களில் உலாப் போவது அரசனும் இறைவனும்தான். ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் சோழன் தெருவில் பவனி வருகிறான். ஊரார் மாடத்திலும் வாசலிலும் நின்று பார்க்கிறார்கள். இன்றைய சுற்றுலாவில் பயணிதான் உலா வருகிறார். ஆனால் பார்ப்பவரும் அவரேதான், பார்க்கப்படுவது ஊர். சொல் அப்படியே இருக்க, கண் இடம் மாறிவிட்டது.

இனிப் பொருள். இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் வரையறை ஸ்டீபன் வேரிங் 2001இல் தந்தது. வறுமையில் இருப்பவர்களுக்கு உதவுவது, சுற்றுச்சூழலைச் சீர்படுத்துவது, சமூகத்தையோ இயற்கையையோ ஆராய்வது ஆகியவற்றுக்காக ஓர் அமைப்பின் ஏற்பாட்டில் தன்னார்வமாக ‘விடுமுறை’யைக் கழிப்பவர்கள் என்பது அதன் சாரம். அதில் விடுமுறை என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலை எதுவானாலும் அதைச் சுமக்கும் வண்டி விடுமுறைதான். எனவே அந்த வரையறைக்குத் தன்னார்வச் ‘சுற்றுலா’ என்பது நேர்மையான மொழிபெயர்ப்பு. காப்பகத்திலோ ஆமைக்குஞ்சு பாதுகாப்பு முகாமிலோ இரண்டு வாரம் வேலை செய்ய ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி, மீதி நாட்களில் கடற்கரையும் காடும் பார்த்துத் திரும்புவதைச் சுற்றுலா என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் வேறு ஊருக்குப் போய்க் கூலியில்லாமல் உழைக்கும் வழக்கம் அந்த நிறுவனங்களால் தொடங்கியதன்று. 1920இல், முதல் உலகப் போரில் நொறுங்கிப் போயிருந்த வெர்டன் பகுதியின் எஸ்னே என்ற சிற்றூரை எடுத்துக் கட்டுவதற்காக, சுவிட்சர்லாந்தின் பியேர் செரெசோல் ஒரு சிறு குழுவைத் திரட்டினார். நேற்று வரை எதிரெதிர்ப் பக்கத்தில் நின்ற நாடுகளின் ஆட்கள் அதில் ஒன்றாகக் கடப்பாரை பிடித்தார்கள். 1934இல் பீகாரில் நிலநடுக்கம் வந்தபோதும் அவர் தோழர்களோடு இங்கே வந்து, வீடிழந்தவர்களுக்கு ஊர் எழுப்பும் வேலையில் இறங்கினார். இதையும் சுற்றுலா என்ற தலைப்பின் கீழ் வைத்தால் சொல் பொய் சொல்கிறது.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அங்கிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். உதவ விரும்பி வந்த வெளிநாட்டுப் பயணிகளும் அவர்கள் கொண்டுவந்த பணமும்தான் இல்லங்களைப் பெருக்கின. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ‘படிக்க வைக்கிறோம்’ என்ற சொல்லை நம்பி அனுப்பப்பட்டார்கள். ஒரு பயணி இரண்டு வாரம் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டுப் போவார், அடுத்தவர் வருவார், அவரும் போவார். பற்று வைப்பதும் பறிகொடுப்பதுமாகவே ஒரு குழந்தையின் பருவம் கழிந்தது. ‘அனாதை இல்லக் கடத்தல்’ என்பதை நவீன அடிமைத்தனத்தில் ஒரு வகையாக ஆஸ்திரேலியா 2018இல் ஏற்றுக்கொண்டது இந்தப் பின்னணியில்தான். நெஞ்சில் ஈரமுள்ள எத்தனையோ இளைஞர்கள் இதில் தெரியாமல் பங்கெடுத்திருக்கிறார்கள். இதற்குத் ‘தொண்டு’ என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

தன்னார்வம், தொண்டு இரண்டும் ஒன்றில்லையா என்று கேட்கலாம். ஒன்றில்லை. தன்னார்வத்தில் முன்னால் நிற்பது ‘தன்’. விருப்பம் என்னுடையது, முடிவு என்னுடையது. ஏறக்குறைய லத்தீன் வேரின் நேர் நிழல். தொண்டு என்ற சொல்லுக்குப் பழம்பொருள் அடிமைத்திறம். தொண்டர் என்றால் அடியார். ஆர்வம் எனக்குள் பிறந்தாலும், செய்யத் தொடங்கிய பிறகு என் விருப்பம் பின்னுக்குப் போய்விடுகிறது; எதிரில் இருப்பவரின் தேவைதான் என்னை ஆள்கிறது. “என் கடன் பணி செய்து கிடப்பதே” என்ற அப்பரின் வரியில் கடனும் கிடப்பதும்தான் கனமான சொற்கள். அங்கே ஆர்வத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒன்று தன்னிடமிருந்து புறப்படுகிறது. மற்றது பிறரிடம் போய் நிற்கிறது.

அடுத்தது ‘ஸ்பிரிச்சுவல்’. இதன் வேரான ‘ஸ்பிரிட்டுஸ்’ லத்தீனில் மூச்சு. தமிழில் இதற்கு வேரிலேயே ஒத்த சொல் உயிர். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல்தானே. ஆனாலும் ‘உயிர்ப் பயணம்’ என்றால் யாருக்கும் விளங்காது. ஆன்மிகம் ஊன்றிவிட்டது, இருக்கட்டும். எழுதும்போது ‘மி’ குறில், ‘ஆன்மீகம்’ அன்று. சமயச் சுற்றுலாவையும் ஆன்மிகச் சுற்றுலாவையும் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்ப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தன் சமயத்தின் தலத்துக்குப் போவது முதலாவது; எந்தச் சமயத்தையும் சாராமல் அமைதியையோ பொருளையோ தேடி ரிஷிகேசத்துக்கும் புத்த கயைக்கும் போவது இரண்டாவது. கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. சுற்றுலாப் பயணியில் பாதி யாத்திரிகர், யாத்திரிகரில் பாதி சுற்றுலாப் பயணி என்று மானிடவியலாளர்களான விக்டர் டர்னரும் எடித் டர்னரும் 1978இல் எழுதினார்கள். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. தேவாரம் பாடிக்கொண்டு போகிறவர், கடலைப் பொட்டலம் கொறித்தபடி போகிறவர், ரமணரைத் தேடி வந்த வெளிநாட்டவர் எல்லாரும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள்.

யாத்திரிகரைக் குறிக்கும் ‘பில்கிரிம்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் ‘பெரெக்ரினுஸ்’. பொருள், வேற்றூரான். வேற்றூரான் என்ற சொல்லே நாளடைவில் புனிதப் பயணி ஆனது. நம்மிடமும் அச்சாக இதே பாதையில் போன சொல் ஒன்று உண்டு: பரதேசி. பர தேசத்தவன் என்று தொடங்கி, தலம் தலமாகச் சுற்றும் துறவியைக் குறித்து, இன்று வசையாகிக் கிடக்கிறது. பெரெக்ரினுஸுக்குக் கிடைத்த மரியாதை அதன் இணைச்சொல்லுக்கு இங்கே கிடைக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பயணத்துக்குச் சங்கத் தமிழில் இருந்த சொல் ‘செலவு’. செல் என்பதிலிருந்து பிறந்தது. தலைவன் பொருள் தேடப் புறப்பட எண்ணிப் பிறகு பயணத்தைத் தள்ளிப்போடுவதைச் ‘செலவழுங்குதல்’ என்பார்கள். இன்று செலவு என்றால் பணம் போவது மட்டும்தான். வழிச்செலவு என்று சொல்லும்போது பழைய பொருள் சற்றே எட்டிப் பார்க்கும்.

இந்த விளக்கத்தின் நடுநாயகம் ‘சேவை’ என்ற சொல். பணி என்ற பொருள் எல்லாருக்கும் தெரியும். வைணவ வழக்கில் சேவை என்றால் காட்சி. ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை விஸ்வரூப சேவை, காஞ்சியில் கருடசேவை. ‘பெருமாள் சேவை சாதித்தார்’ என்றால் காட்சி தந்தார். அதைத் தேடி வருகிறவர் சேவார்த்தி. திருப்பதியில் இந்தச் சொல் ஒரே வளாகத்தில் மூன்று வேலை செய்கிறது. கட்டணம் கட்டிக் கலந்துகொள்ளும் வழிபாடு ஆர்ஜித சேவை. பெருமாளைக் கண்ணாரக் காண்பதும் சேவை. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்ரீவாரி சேவா’வில் பேர் கொடுத்து, தமிழ்நாட்டிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் குழுவாகப் போய், வரிசையை ஒழுங்குபடுத்துவது, அன்னதானக் கூடத்தில் பரிமாறுவது என்று நாள்கணக்கில் உழைப்பதும் சேவைதான். ஆன்மிகப் பயணம் ஒரு வகை, தன்னார்வப் பயணம் இன்னொரு வகை என்று ஆய்வுலகம் இரண்டு பெட்டிகளில் போட்டு, பிறகு இவற்றுக்குள் என்ன உறவு என்று தேடுகிறது. நம் மொழியில் காண்பதற்கும் செய்வதற்கும் ஒரே சொல்லாகவே இருந்திருக்கிறது.

பிற நாடுகளிலும் இந்த இணைப்பு இல்லாமல் இல்லை. ஸ்பெயினில் சந்தியாகோ என்ற கிறித்தவத் தலத்துக்குப் போகும் பாதையில், நடந்து வருகிறவர் 100 கிலோமீட்டராவது நடந்திருந்தால்தான் யாத்திரைச் சான்று கிடைக்கும். அப்படி ஒரு முறை நடந்து முடித்தவர்களில் சிலர் பிறகொரு வருடம் ‘ஓஸ்பிட்டலேரோ’வாகத் திரும்பி வருகிறார்கள். வழியிலுள்ள சத்திரத்தில் இரண்டு வாரம் தங்கி, தரை துடைத்து, புதிதாக நடந்து வருகிறவர்களின் கால் கொப்புளத்துக்கு மருந்திடுகிறார்கள். இலங்கையில் 1958இல் ஏ.டி. ஆரியரத்ன தம் மாணவர்களைப் பின்தங்கிய கிராமம் ஒன்றுக்கு அழைத்துப்போய்த் தொடங்கிய வேலைக்கு வழங்கிய பெயர் சிரமதானம், உழைப்பைத் தானமாகத் தருவது. ஈழத்துத் தமிழர் பேச்சில் கோயில் வளவைத் துப்புரவாக்குவதற்குக்கூட இந்தச் சொல் இன்றும் புழங்குகிறது.

உழவாரம் என்பது புல் செதுக்கும் கருவி. கோயில்களில் அப்பர் திருவுருவத்தின் தோளில் சாய்ந்திருப்பது அதுதான். தலம் தலமாக நடந்தவர் கையில் அந்தக் கருவி இருந்தது என்பதிலேயே பயணமும் தொண்டும் சேர்ந்துவிட்டன. “புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு” என்று அவர் பாடுவதில் அலகிடுதல் பெருக்குதல், மெழுக்கிடுதல் சாணமிட்டு மெழுகுதல். ஏழாம் நூற்றாண்டின் வேலைப்பட்டியல் அது.

தஞ்சைப் பக்கம் ஒரு சிறு கோயிலுக்கு நானும் ஒரு முறை குழுவோடு போயிருக்கிறேன். கருவறைக்கு மேலுள்ள விமானத்தில் அரசங்கன்று முளைத்திருந்தது. மேலே தெரிந்தது ஒரு முழம். வேர் செங்கல் இடுக்கில் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று யாருக்கும் தெரியாது. பிடித்து இழுக்கப் போன என் கையை ஒரு அண்ணன் தட்டிவிட்டார். “இழுத்தா கன்னு வராது, செங்கல்தான் வரும்.” கீழே ஒரு பையன் கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் மகிழ்ச்சி. பிசுக்குக்கு அடியில் கல்வெட்டு இருந்தது. கவனித்து நிறுத்துவதற்குள் ஒரு வரியில் நாலைந்து எழுத்துகள் மழுங்கிவிட்டன. ஆயிரம் ஆண்டு தாங்கிய எழுத்து, அன்பான ஒரு கையால் பத்து நிமிடத்தில் போயிற்று. அந்தப் பையனின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. அதன் பிறகு அந்தக் குழு, விவரம் தெரிந்த ஒருவர் சுவரைப் பார்த்துச் சொல்லும் வரை கல்லில் கை வைப்பதில்லை. புல், முள், குப்பை, குளத்துச் சேறு இவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆகவே தங்கைக்கு நான் எழுதி அனுப்பியது இது. விடுமுறைக்குள் வேலையை வைத்து விற்கும் ஏற்பாட்டைத் ‘தன்னார்வச் சுற்றுலா’ என்றே எழுதுங்கள். வேலைக்காகவே புறப்பட்டு, என்ன செய்வது என்பதை அந்த இடத்துக்காரர் தீர்மானிக்க விட்டுவிடும் பயணத்தைத் ‘தொண்டுப் பயணம்’ என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. மொழிபெயர்க்கும் ஒவ்வோர் இடத்திலும் இது எது என்று நின்று பார்க்க வேண்டியிருக்கும், பார்க்கத்தான் வேண்டும். ஆன்மிகச் சுற்றுலா, யாத்திரை என்ற இரண்டையும் இதே அளவுகோலால் பிரித்துக்கொள்ளலாம்.

ஆளைக் குறிக்கத் ‘தொண்டுப் பயணி’ போதும். காண்பதும் செய்வதும் ஒன்றாகிவிட்டவர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘சேவார்த்தி’யைப் பயன்படுத்திப் பாருங்கள் என்றேன். மறுநாள் பதில் வந்தது. அந்தப் பெரியவரிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். “சேவார்த்தின்னா அது பெருமாள் கோயில் பேச்சும்மா. எங்களை அடியார்னு போட்டுடு” என்றாராம். ஆய்வேட்டில் அப்படியே போட்டுவிட்டார்.