காரீயப் பற்று

சுடும்போது குண்டின் உலோகம் துப்பாக்கிக் குழலுக்குள் ஒட்டித் தங்கிவிடுவதை ஆங்கிலத்தில் லெட் ஃபவுலிங் என்பார்கள். பெரிய துளைக் காற்றுத் துப்பாக்கிகளைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் அதை 'ஈயப் பூச்சு' ஆக்கிவிடுகிறார்கள். 'குழலில் ஈயப் பூச்சைக் குறைப்பது எப்படி' என்று இன்னொரு முறை படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஃபவுல் பழைய ஆங்கிலச் சொல். அழுகியது, நாறுவது என்பது முதற்பொருள். சீழைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். அப்புறம் அழுக்கு என்று விரிந்து, குழலுக்குள் தங்கிவிடும் எச்சத்துக்குப் பெயரானது.

சரி, பூச்சுக்கு வருவோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது நாம் விரும்பிச் செய்வது, புளி பட்டுக் களிம்பேறாமல் காப்பது. கூலி கொடுத்துப் பூசியதை யாராவது குறைப்பார்களா? அந்த ஈயமும் வேறு. அது வெள்ளீயம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயமே. துப்பாக்கிக் குண்டு காரீயம், நஞ்சு. வெள், கார் என்று அடை கொடுத்துத் தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதை மொழிபெயர்ப்பவர்கள் வெட்டி எறிகிறார்கள். குண்டு வார்ப்பவர்கள் 20 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் சேர்த்துக் கெட்டிப்படுத்துவதுண்டு. அதை 'ஈயத்தில் ஈயம் சேர்க்கவும்' என்றா எழுதுவது?

'ஈய மாசு' என்பாரும் உண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் கலக்கும் நஞ்சுக்கு அந்தச் சொல் வேண்டும், அதை இங்கே செலவழிக்கக் கூடாது. 'படிவு' பரவாயில்லை. ஆனால் படிவது என்றால் தானாக, மெல்ல இறங்கி அமர்வது. வெடிமருந்துத் துப்பாக்கியில் சூடான வாயு குண்டின் அடியை உருக்கக்கூடும். காற்றுத் துப்பாக்கியில் நெருப்பே இல்லை. 200, 300 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று விரியும்போது குளிரத்தான் செய்யும். காரீயம் உருக 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். எனவே இங்கே அது பெரும்பாலும் உராய்ந்து, உரிந்து, சுவரில் அப்பிக்கொள்கிறது. காற்று நுழையும் துளையின் விளிம்பில் பிசிறு, உட்சுவரில் கடைசல் கோடுகள், அளவு மீறிய குண்டு, பசை தடவாத உலர்ந்த குண்டு: இவைதான் காரணங்கள்.

அதனால் 'காரீயப் பற்று' என்பதே சரி. பத்துப் பாத்திரம் தேய்ப்பது என்கிறோமே, அந்தப் பத்தும் இந்தப் பற்றுதான்; அதுபோல ஒட்டிக்கொண்டு, தேய்த்தால்தான் போவது. நாட்டுப்பற்றும் வங்கிக் கணக்கின் பற்றும் குறுக்கே வரும் என்பார்கள். 'காரீய' என்று முன்னால் நிற்கும்போது எப்படி வரும்?

பற்று ஒட்டாமலிருக்கப் பிசிறை நீக்கி, உட்சுவரை மெருகிட்டு, குண்டின் அளவைக் குழலின் புரிப் பள்ளத்துக்கு (குண்டைச் சுழற்ற உட்சுவரில் திருகாக வெட்டிய பள்ளம்) பொருத்தி, மெழுகுப் பசையை மெல்லிசாகத் தடவ வேண்டும். வெறுமனே கெட்டியான குண்டுக்கு மாறுவது மருந்தல்ல. காற்றின் அழுத்தத்துக்கு அது விரிந்து புரிகளை அடைக்காமல் போகலாம். ஏற்கெனவே ஒட்டியதை வெண்கலத் தூரிகையால் தேய்த்தெடுக்க வேண்டும். 'மாசு' என்று படித்தவர் எண்ணெய்த் துணியை ஒருமுறை இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார். குறி தவறத் தொடங்கியதும் குண்டைக் குறை சொல்லி வேறு குண்டு வாங்குவார்.