ரத்தக்குழாயில் ஓர் உடும்புப்பிடி

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஜூலை மாத மத்தியானம், பண்ணைக் குட்டை ஒன்றில் பத்துப் பதினைந்து கறுப்பு மாடுகள் வயிறு நனைய நிற்கின்றன. "எருமை என்றால் கேட்டிருக்க மாட்டேன். மாடு ஏன் சார் தண்ணீரை விட்டு ஏற மாட்டேன் என்கிறது? குளிர்காலத்து முடி வேறு உதிராமல் சடைசடையாக இருக்கிறது" என்பது அவர் கேள்வி.

படத்தில் கரையெல்லாம் பச்சைப் புல். அந்தப் பகுதி என்பதால் அது அனேகமாக டால் ஃபெஸ்க்யூ. என் சந்தேகம் அதன் மேல்தான்.

1931-ல் கென்டக்கியின் மெனிஃபீ மாவட்டத்தில், ஒரு மலைச்சரிவுப் பண்ணையில் இந்தப் புல் செழித்திருப்பதை ஃபெர்கஸ் என்ற பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்த்தார். விதை வாங்கிப் போய் சோதித்து, 1943-ல் 'கென்டக்கி 31' என்ற ரகமாக வெளியிட்டார்கள். வறட்சியைத் தாங்கியது, மிதிபட்டாலும் எழுந்தது, பூச்சியும் அண்டவில்லை. இன்று அமெரிக்காவில் சுமார் மூன்றரைக் கோடி ஏக்கரில் டால் ஃபெஸ்க்யூ இருக்கிறது. ஆனால் மேய்ந்த மாடுதான் தேறவில்லை. கோடையில் எடை ஏறாமல் மூச்சிரைத்தது. குளிர்காலத்தில் பின்னங்கால் நொண்டியது. சில மாடுகளுக்குக் காது நுனியும் வால் நுனியும் அழுகி விழுந்தன, குளம்பே கழன்றதும் உண்டு. புல்லை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சத்தெல்லாம் சரியாகவே இருந்தது.

ஜார்ஜியாவில் ஒரு பண்ணையில் இரண்டு மேய்ச்சல் நிலங்கள். இரண்டிலும் அதே புல், ஆனால் ஒன்றில் மேய்ந்த மாடுகள்தான் நோயில் விழுந்தன. ஆய்வாளர் சார்லஸ் பேக்கன் குழுவினர் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நோய் தந்த நிலத்துப் புல்லின் செல்களுக்கு நடுவே மெல்லிய நூலாகப் பூஞ்சை ஓடியது. 1977-ல் அதை வெளியிட்டார்கள். இலையில் புள்ளியோ துருவோ எதுவும் தெரியாது. விதைக்குள் ஒளிந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும் பூஞ்சை அது. பூச்சியை விரட்டும் வேதிப்பொருள்களைச் செய்து தருவதும் அதுதான். கூடவே எர்கோவாலின் என்ற ஒன்றையும் செய்கிறது. ஒரு டன் தீவனத்தில் அரை கிராம் இருந்தாலே மாடு படுத்துவிடும்.

சரி, இவ்வளவு துளி நச்சு எப்படி ஒரு குளம்பைக் கழற்றுகிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ரத்தக்குழாயின் சுவரில் வளையம் வளையமாக மென்தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். இறுகச் சொல்லும் சேதிகளில் ஒன்று செரட்டோனின். மனநிலை, மகிழ்ச்சி என்று பத்திரிகைகளில் அடிபடும் அதே செரட்டோனின்தான். ரத்தக்குழாயில் அதற்கு வேறு வேலை. தசை செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் அது வந்து ஒட்டும், உள்ளே கால்சியம் ஏறும், தசை இறுகும். அப்புறம் செரட்டோனின் விலகிவிடும், தசை தளரும்.

எர்கோவாலினின் வேதி எலும்புக்கூடு செரட்டோனினைப் போலவே இருப்பதால் அதே ஏற்பியில் போய் உட்காருகிறது. செரட்டோனின் காலிங்பெல்லை அழுத்திவிட்டுப் போகிற தபால்காரர் என்றால், இது பெல்லிலிருந்து விரலை எடுக்காத கடன்காரர்.

கென்டக்கியின் லெக்சிங்டனில் உள்ள அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் இதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி செய்து காட்டினார்கள். மாட்டின் பின்னங்கால் சிரையை எடுத்து, சில மில்லிமீட்டர் அகல வளையங்களாக நறுக்குகிறார்கள். உடல் சூட்டில் இருக்கும் உப்புக் கரைசலில் ஆக்ஸிஜன் குமிழிவிட்டு, அதில் வளையத்தை இரண்டு கம்பிக் கொக்கிகளுக்கு நடுவே மாட்டுகிறார்கள். ஒரு கொக்கி இழுவிசையை அளக்கும். செரட்டோனின் விட்டால் வளையம் இறுகி, திரையில் கோடு மேலே ஏறுகிறது. கரைசலை மாற்றி அலசினால் கோடு இறங்குகிறது. எர்கோவாலின் விட்டால் கோடு மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் அலசினாலும் இறங்குவதில்லை. திரும்பத் திரும்ப அலசி, ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் செத்த மாட்டின் அந்தத் துண்டு சிரை பிடியை விடாமல் இறுகியே நிற்கிறது. நான் முதன்முதலில் அந்த வரைபடத்தைப் பார்த்தபோது, கோடு எங்கே இறங்குகிறது என்று அடுத்த பக்கத்தைத் தேடினேன்.

விடாத பிடி என்பதால், ஒவ்வொரு வாய் புல்லிலும் வரும் துளி முந்தைய துளியோடு சேர்ந்துகொள்கிறது. குழாயின் ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே, அதே அழுத்தத்தில் ஓடும் ரத்தம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆரத்தின் நான்காம் அடுக்கு என்று இயற்பியலில் படித்த கணக்குதான். குளிர்காலத்தில் குளிரே தோல் குழாய்களைச் சுருக்குகிறது. அதன்மேல் நச்சும் சேர்ந்தால் காது, வால், குளம்பு போன்ற கடைக்கோடிகளுக்கு ரத்தமே போகாது. கோடையில் பிரச்சினை தலைகீழ். உடம்புச் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே விடுவது ரத்தம்தான். அந்த வழி அடைபட்டதால் மாடு குட்டையைத் தேடுகிறது.

முடி உதிராததற்கும் இதே ஆள்தான் காரணம். புரோலாக்டின் என்ற ஹார்மோனின் சுரப்பை அடக்கச் சொல்லும் சேதி டோபமின். அந்த எலும்புக்கூடு டோபமினையும் ஒத்திருப்பதால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டினை அடக்கிவிடுகிறது. பருவம் மாறியதை முடிக்குச் சொல்லும் ஹார்மோன்களில் புரோலாக்டினும் ஒன்று. வெயிலில் கம்பளியோடு நிற்கும் நிலை.

இதே குடும்பத்து நச்சு மனிதரையும் விடவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் எர்கட் பூஞ்சை பிடித்த ரை (rye) என்ற தானியத்து ரொட்டியைத் தின்றவர்களுக்குக் கைகால் எரிந்து, கறுத்து விழுந்தது. 'புனித அந்தோனியார் நெருப்பு' என்று பெயர் வைத்து அவர் பெயரிலான மடங்களுக்கு ஓடினார்கள், சிலர் குணமும் ஆனார்கள். அங்கே கிடைத்தது வேறு மாவு ரொட்டி என்பதே காரணமாக இருக்கலாம். மாடு மெலிந்தால் கண்ணேறு கழிக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ரொட்டி ஞாபகம் வரும். கழியுங்கள், ஆனால் தீவனத்தையும் மாற்றிப் பாருங்கள்.

நம் பிரசவ வார்டுகளில் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெத்தில் எர்கோமெட்ரின் ஊசியும் இந்தக் குடும்பம்தான். கருப்பையை இறுக்குகிறது, ரத்தக்குழாயையும் இறுக்கும் என்பதால் பிரஷர் உள்ள தாய்மாருக்குப் போட மாட்டார்கள்.

பூஞ்சையே இல்லாத ஃபெஸ்க்யூவை விதைத்துப் பார்த்தார்கள். மாடு தேறியது, புல் வறட்சியில் காய்ந்து போனது. அதன் உறுதியே பூஞ்சை கொடுத்ததுதானே. பிறகு நியூசிலாந்து, ஜார்ஜியா ஆய்வாளர்கள் எர்கோவாலின் செய்யாத, ஆனால் புல்லைக் காக்கிற பூஞ்சை வகையைத் தேடிப் பிடித்துப் புல்லுக்குள் குடியேற்றினார்கள். சிரை வளையத்தைக் கொக்கியில் மாட்டிக் காத்திருக்கும் ஆய்வுக்கு "இதனால் மூன்று வருடத்தில் என்ன லாபம்?" என்று கேட்டு நிதியை வெட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம்தான்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், புல்லுக்கு நடுவே சிவப்பு குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடி பூத்திருக்கிறதா பாருங்கள். அதைக் கலந்து விதைத்தால் மாடு கொஞ்சம் தேறுவதை விவசாயிகள் வெகுகாலமாகக் கண்டிருக்கிறார்கள். கெட்ட புல் வயிற்றில் குறைவாகப் போவதால்தான் என்று நினைத்திருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, குளோவரில் உள்ள பயோக்கானின் என்ற பொருள் இறுகிய குழாயைத் தளர்த்துகிறது. குளோவர் இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.