பனாமாக் கால்வாயில் ஒரு முழு நாள்: அப்பாவையும் அம்மாவையும் படகில் ஏற்றுவதற்கு முன்

கார்த்திகை பிறந்ததும் என்னிடம் வரும் வயதானவர்களில் சிலர் வருத்தம் சொல்ல வருவதில்லை, பயணம் சொல்ல வருகிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளை கூப்பிட்டிருக்கும். அங்கே குளிர் என்பதால் இடையில் ஒரு கிழமை வெய்யில் உள்ள நாட்டுக்குப் போவதாகவும் திட்டம் இருக்கும். அந்த நாடு பனாமா என்று இப்போது அடிக்கடி காதில் விழுகிறது.

“நாள் முழுக்கக் கால்வாயில படகில போறதாம், டொக்டர். எனக்குச் சீனியும் பிரஷரும் இருக்கு. போகலாமோ?”

போகலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனி வருத்தம் இருக்கிறது, வயது எழுபது தாண்டிவிட்டது என்பதற்காக இப்படி ஒரு காட்சியைத் தவறவிட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பயணம் நாங்கள் பழகிய படகுப் பயணம் அல்ல. குறிகட்டுவானில் ஏறினால் கால் மணித்தியாலத்தில் நயினாதீவு வந்துவிடும். நெடுந்தீவு என்றாலும் ஒரு மணித்தியாலம்தான். தாகம், பசி, சலம் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு போய் இறங்குவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பனாமாவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பனாமாக் கால்வாய் 1914 ஆகஸ்ட் 15இல் திறக்கப்பட்டது. பசுபிக் சமுத்திரத்தையும் அத்திலாந்திக்கையும் இணைக்கும் சுமார் 80 கிலோமீற்றர் நீர்வழி. நடுவில் உள்ள கட்டூன் ஏரி கடல் மட்டத்திலிருந்து 26 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு பக்கத்தால் வரும் கப்பல் ஏரிக்கு ஏற வேண்டும், மறுபக்கத்தால் இறங்க வேண்டும். இதற்காக இரண்டு தலைப்பிலும் கதவு போட்ட பெரிய தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். லொக் என்பது இவற்றைத்தான். பசுபிக் பக்கம் மிராபுளோரசில் இரண்டு படி, பெட்ரோ மிகுவலில் ஒரு படி. அத்திலாந்திக் பக்கம் கட்டூனில் மூன்று படி. தண்ணீரை ஏற்ற பம்ப் எதுவும் இல்லை. வால்வைத் திறந்தால் மேலிருந்து தண்ணீர் தன் பாரத்திலேயே இறங்கித் தொட்டியை நிரப்பும், கப்பல் மெல்ல மேலே வரும். சுற்றுலாப் படகைப் பெரும்பாலும் ஒரு சரக்குக் கப்பலோடு சேர்த்தே தொட்டிக்குள் விடுவார்கள். பக்கத்தில் மலைபோல ஒரு கப்பல் நிற்க, இரண்டும் ஒன்றாக உயர்வதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

இதில் மருத்துவராக நான் கவனிப்பது நேரத்தைத்தான். கடலிலிருந்து கடலுக்கு முழுவதும் கடக்க 8 முதல் 10 மணித்தியாலம் என்பார்கள். கப்பல் நெரிசலைப் பொறுத்து அது இன்னும் நீளும். எந்தப் படகு எப்போது உள்ளே போவது என்பதைக் கால்வாய் நிர்வாகம்தான் தீர்மானிக்கும், படகோட்டி அல்ல. விடியமுன் ஹோட்டலை விட்டுப் புறப்பட வேண்டும். பயணம் மற்றக் கரையில் முடிவதால் திரும்பி வர பஸ் பயணம் வேறு. எல்லாம் சேர்த்தால் 12 மணித்தியாலத்துக்குக் குறையாது. நடுவில் காடும் ஏரியும்தான், ஆசைப்பட்ட இடத்தில் இறங்க வழியில்லை.

போன வருடம் ஒரு அம்மா பயணம் முடிந்து வந்து என் முன்னால் இருந்தார். “கால் கொஞ்சம் பாரமாக் கிடக்கு” என்றார். சேலையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தியபோது காலணியின் வார் பதிந்த தழும்பு ஆழமாகத் தெரிந்தது. பெருவிரலால் அமத்தினேன். குழி விழுந்தது, எடுத்த பிறகும் அப்படியே நின்றது. விசாரித்தால், உடம்பில் தேங்கும் நீரைச் சலமாக வெளியேற்றும் புரூசமைட் குளிசையைப் பயணம் முழுக்கப் போடவில்லை. “அதைப் போட்டா அடிக்கடி சலம் போகும். போற இடமெல்லாம் பிள்ளையளிட்ட ரொய்லெற் எங்க எண்டு கேக்கிறதே?” என்றார். இருதயம் பலவீனமான ஒருவர் அந்தக் குளிசையைத் தன் பாட்டில் நிறுத்தினால் நீர் காலோடு நிற்காது, நெஞ்சுக்கும் ஏறும். படுத்தால் மூச்சு முட்டும்.

புரூசமைட் போட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கும், ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் வேலை செய்யும். விடியப் போட்டுவிட்டுப் படகில் ஏறினால் காலை முழுக்க ரொய்லெற்றுக்கு நடக்க வேண்டும் என்பது உண்மைதான். அதற்குப் பரிகாரம் குளிசையை விடுவது அல்ல. அந்த ஒரு நாள் மட்டும் வேளையை மாற்றலாமா, எப்போது போடுவது என்று உங்கள் டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பலருக்கு மாற்றிக்கொடுக்க முடியும். கேட்காமல் விடுவதுதான் பிழை.

தண்ணீர் குடிக்காமல் விடுவதும் இதே கதைதான். பனாமாக் கால்வாய் இருப்பது வட அகலக்கோடு 9 பாகையில், யாழ்ப்பாணம் இருப்பதும் அதே 9 பாகையில். “எங்கட வெய்யில்தானே” என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ரொறன்ரோக் குளிரில் சில கிழமை இருந்த உடம்பு வெப்பத்துக்குப் பழகிய தன்மையை இழந்திருக்கும். அங்கே காற்றில் ஈரமும் அதிகம், வியர்வை காயாது. படகு தொட்டியின் அடியில் நிற்கும்போது இரு பக்கமும் உயர்ந்த சுவர், கிணற்றுக்குள் இறங்கினதுபோல இருக்கும். காற்று வராது. எல்லோரும் படம் எடுக்கத் திறந்த மேல்தட்டில் கூடுவதும் அந்த நேரத்தில்தான். பிரஷருக்கு லொசாட்டனோ எனலாபிரிலோ எடுப்பவர்கள், சீனிக்கு மெற்போமின், எம்பாகுளிபுளோசின் எடுப்பவர்கள், தண்ணீரும் குடிக்காமல் வெய்யிலில் நின்றால் தலைச்சுற்றில் தொடங்கிச் சிறுநீரகம்வரை பாதிக்கும். இருதய வருத்தத்துக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள், அன்றைக்கு எவ்வளவு குடிப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஒரே மூச்சில் ஒரு போத்தல் குடிக்காமல் அடிக்கடி ஒவ்வொரு மிடறாகக் குடிக்க வேண்டும். தொப்பி, நீளக்கைச் சட்டை, நிழலில் ஒரு கதிரை. ஏறியவுடன் ரொய்லெற் எந்தத் தட்டில், எத்தனை படி இறங்க வேண்டும் என்று பிள்ளைகள் பார்த்து, அதற்குக் கிட்ட இடம் பிடியுங்கள். இதை ஒரு சின்னக் காரியம் என்று நினைக்காதீர்கள். ரொய்லெற் கிட்ட இருக்கிறது என்று தெரிந்தால் அம்மா தண்ணீர் குடிப்பார்.

சரி, சீனி வருத்தத்துக்கு வருவோம். இதில்தான் எனக்கு அதிக பயம். எங்கள் கிளினிக்குகளில் பலர் எடுப்பது காலையும் மாலையும் போடும் கலப்பு இன்சுலின். அல்லது கிளிக்கிளசைட் குளிசை. காலை ஊசியின் வேகம் மத்தியானம்வரை நிற்கும், அதற்குச் சாப்பாடு வயிற்றில் இருக்க வேண்டும். படகில் மத்தியானச் சாப்பாடு கொடுப்பார்கள். ஆனால் எத்தனை மணிக்கு என்பது அன்றைய ஓட்டத்தைப் பொறுத்தது. சைவக்காரர் என்றால் தட்டில் சாப்பிடக்கூடியது பாதிதான் இருக்கும். அப்புறம் என்ன, சீனி இறங்கும்.

சீனி இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், ஆள் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரு பக்கம் இருந்துவிடுவார். வீட்டில் என்றால் உடனே பிடிபடும். சூடான படகுத் தட்டில் எல்லோருக்கும் வியர்க்கிறது, எல்லோரும் களைத்திருக்கிறார்கள். “அப்பாவுக்கு வெய்யில் ஒத்துவரேல்லை, கொஞ்சம் படுக்கட்டும்” என்று விட்டுவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். விரலில் குத்திப் பாருங்கள். குத்திப் பார்க்க வழியில்லை என்றால் சீனி இறங்கியதாகவே எடுத்துக்கொண்டு, மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரோ குளுக்கோசோ கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், தெளிந்ததும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். மயங்கி விழுங்க முடியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, படகுக்காரரை உடனே கூப்பிட வேண்டும்.

கனடாவில் வாங்கும் மீற்றர் பற்றி ஒரு வார்த்தை. இங்கே நாங்கள் 110, 140 என்று மில்லிகிராம் கணக்கில் பழகியவர்கள். அங்கே மில்லிமோல் கணக்கு, இலக்கம் 6, 8 என்று வரும். 18ஆல் பெருக்கினால் எங்கள் கணக்கு கிடைக்கும். 4இற்குக் கீழே வந்தால் அது எங்கள் 70. மகன் வாங்கிக் கொடுத்த மீற்றரில் 5.8 என்று பார்த்துவிட்டுப் பயந்து சீனித் தண்ணீர் குடித்தவர்களும் உண்டு. அது நல்ல அளவு.

பிள்ளைகள் அக்கறையில் வாங்கிக் கொடுக்கும் இன்னொரு சாமான் சத்திக் குளிசை. கால்வாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆடாது. கரையோரக் கடலில் கொஞ்சம் அலை இருக்கலாம், அவ்வளவுதான். அந்தக் குளிசைகளில் பல தூக்கத்தைக் கொடுக்கும், வாயை உலர்த்தும். வயதானவர் தள்ளாடி விழ அதுவே போதும். புரொஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சலம் அடியோடு அடைபடவும் கூடும். நடு ஏரியில் சலம் அடைத்து வயிறு வீங்கினால் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். கேட்காமல் கொடுக்க வேண்டாம். விழாமல் இருப்பது பற்றி இவ்வளவு சொன்னால் போதும்: ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், காலில் பின்வார் உள்ள செருப்பு, தொட்டியில் தண்ணீர் நிரம்பும்போது இருக்கையில் இருக்க வேண்டும்.

நுளம்பைப் பற்றிச் சொல்லாமல் எந்த மருத்துவரும் பனாமாவைப் பற்றிப் பேச முடியாது. அங்கே முதலில் வெட்டத் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர், 1881இல். 1889இல் அந்தக் கம்பனி விழுந்தபோது 20,000இற்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும். அவர்களுடைய ஆஸ்பத்திரித் தோட்டத்தில் செடிகளை எறும்பு தின்னாமல் இருக்க, சுற்றிவரத் தண்ணீர் நிரப்பிய மண் வளையங்கள் வைத்திருந்தார்கள். நுளம்பு பெருகியது அதில்தான். நோயாளிகளைக் காப்பாற்றக் கட்டிய இடமே நோயை வளர்த்தது. கியூபா மருத்துவர் கார்லொஸ் பின்லே நுளம்புதான் காரணம் என்று 1881இலேயே சொல்லியிருந்தும் உலகம் நம்பவில்லை. 1904இல் அமெரிக்கர் வேலையைப் பொறுப்பெடுத்த பிறகு, வில்லியம் கோர்காஸ் என்ற இராணுவ மருத்துவர் தேங்கிய தண்ணீரை ஒழித்து, ஜன்னல்களுக்கு வலை அடித்து, வீடு வீடாகப் புகையடித்து மஞ்சள் காய்ச்சலை அங்கிருந்து துரத்தினார். அதன் பிறகே கால்வாய் முடிந்தது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பிய அந்த நுளம்பு இனம்தான் மாரி காலத்தில் எங்கள் ஊரில் டெங்கைப் பரப்புகிறது. குசினி அலுமாரிக் காலுக்குக் கீழே எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் வீடுகள் இன்றும் இங்கே உண்டு. கிழமைக்கு ஒரு முறையாவது ஊற்றிக் கழுவுங்கள்.

பயணக்காரருக்கு இதில் ஒரு நேரடி விடயமும் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் பனாமா இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து இலங்கைக்குள் வருபவரிடம் தடுப்பூசி அட்டை கேட்கப்படும். ஊசி போட்டு 10 நாள் சென்றால்தான் அட்டை செல்லும். ஆனால் இது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அரிதாகக் கடும் பக்கவிளைவு வரலாம். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குப் பொதுவாகப் போடுவதில்லை. ஆகவே ரிக்கற் போட்ட பிறகு அல்ல, போட முன்னமே போகும் வழியையும் திரும்பும் வழியையும் டொக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தாய் தகப்பன் படகில் நெஞ்சு நொந்தாலும் சொல்ல மாட்டார்கள். இவ்வளவு காசு கட்டிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான், பேரப்பிள்ளைகள் சந்தோசமாக இருக்கிறார்கள், நான் ஏன் கெடுப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். “ஓம், சுகமாயிருக்கிறன்” என்ற பதிலை நம்பி விடாதீர்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் பக்கத்தில் போய் இருங்கள், கையைத் தொட்டுப் பாருங்கள், என்ன குடித்தார் என்று கேளுங்கள். நெஞ்சு நோ, மூச்சு முட்டல், ஒரு பக்கக் கை கால் விறைப்பு, வாய் கோணல் என்றால் கரை வரட்டும் என்று பார்க்கக் கூடாது. உதவிப் படகு வந்து ஆளை ஏற்ற நேரம் எடுக்கும் என்பதாலேயே முதல் நிமிடத்தில் சொல்ல வேண்டும்.

உடம்பு முழு நாளைத் தாங்காது என்று தோன்றினால் பாதிப் பயணம் இருக்கிறது. பசுபிக் பக்கத்தின் மூன்று படியையும் கடந்து கம்போவா என்ற ஊரோடு முடிவது, ஏறக்குறைய நான்கைந்து மணித்தியாலம். கதவு மூடுவது, தண்ணீர் ஏறுவது, கப்பல் உயர்வது எல்லாம் அதிலேயே பார்த்துவிடலாம். இருதய வருத்தம் உள்ளவர்களுக்கும் முழங்கால் நோ உள்ளவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன். விமானத்தால் இறங்கிய அடுத்த நாளே ஏறாமல் ஒரு நாளாவது ஆறிப் போங்கள்.

கனடாவுக்கென்று எடுத்த காப்புறுதி பனாமாவில் செல்லுமா, பழைய வருத்தங்களைச் சேர்க்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிளினிக் கொப்பியை எல்லோரும் வீட்டு அலுமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். புறப்பட முன் அதன் கடைசிப் பக்கங்களைப் போனில் படம் எடுங்கள். குளிசைகளின் கம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரு கடதாசியில் எழுதித் தரச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள், அலுக்காமல் எழுதித் தருவோம். அந்தக் கடதாசியும், இரண்டு நாளுக்கான குளிசையும், குளுக்கோஸ் பைக்கற்றும், பிஸ்கற்றும் சூட்கேசில் அல்ல, படகில் அம்மாவின் மடியில் இருக்கும் கைப்பையில் இருக்க வேண்டும்.